கல்லீரலுக்கு விடிகிற நேரம்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தது மெர்லின். கோயம்புத்தூர் மருத்துவமனையில் உணவு ஆலோசகர். சாப்பிட்ட நேரம், சாப்பிட்ட பொருள், படுத்த நேரம், எழுந்த நேரம், இந்த நான்கையும் எழுதினால் போதும் என்றார். துணை மின் நிலையத்தில் பத்தொன்பது வருடமாக மணிக்கொரு தரம் வோல்டேஜும் ஆம்பியரும் பதிவேட்டில் எழுதுகிறவன் நான், இது ஒரு வேலையா என்றேன். அப்படியென்றால் உங்கள் நோட்டுதான் ஒழுங்காக இருக்கும் என்று சிரித்தார்.

எழுத வேண்டிய காரணம்: என் தங்கை பூங்கொடிக்குக் கல்லீரல் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டிருக்கிறது. அவளுடைய உடம்பே கல்லீரலை அந்நியமாக நினைத்துத் தாக்குகிற நோய். முப்பத்தாறு வயது. மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் வழி. அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தியின் ரத்தப் பிரிவு சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. ஆனால் ஸ்கேனில் என் கல்லீரலில் இருபத்துநான்கு சதவீதம் கொழுப்பு. பத்துக்குக் கீழே வந்தால்தான் அதில் பாதிக்கு மேல் வெட்டி எடுப்பது எனக்கும் ஆபத்தில்லை, அவளுக்கும் பிரயோஜனம் என்றார் டாக்டர். ஆகஸ்ட் 12 அன்று மறுபடி ஸ்கேன். பத்து வாரம். அதுவரை பூங்கொடி தாங்குவாளா என்று கேட்டேன். தாங்க வேண்டும் என்றார். தாங்குவாள் என்று சொல்லவில்லை.

நேற்று இரவு டூட்டியில்: 1.20க்குப் பரோட்டா மூன்று, சால்னா. 3.00க்கு டீ, வர்க்கி இரண்டு. 4.30க்கு டீ. வீட்டில் காலை 7.10க்குத் தோசை நான்கு. தூக்கம் 8.30 முதல் 1.30 வரை.

எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது.

ஜூன் 4, செவ்வாய்

நடுச்சாமத்தில் சாப்பிடுவதை நிறுத்த வேண்டுமென்றால் நடுச்சாமத்தில் விழித்திருப்பதை நிறுத்த வேண்டும் என்கிறார் மெர்லின். பகல் டூட்டிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். எனக்கு ராத்திரி டூட்டி பழகிவிட்டது. ராத்திரியில் தொந்தரவு கிடையாது. யாரும் வரமாட்டார்கள்.

ஜூன் 6, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். உதவிப் பொறியாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ஒன்பது வருடமாக மற்றவர்களுடைய ராத்திரி டூட்டியையும் கேட்டு வாங்கிப் பார்த்தவன் பகல் கேட்கிறானே என்று நினைத்திருப்பார். தங்கைக்காக என்று சொன்னதும் உடனே கையெழுத்துப் போட்டார். நிஜாமுதீன் என்னோடு வேலை செய்கிறவர். இனி அவரே தன் ராத்திரி டூட்டியைப் பார்க்க வேண்டும்.  ‘தங்கச்சிக்கு நல்லாகணும் லோகு’ என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் கோகிலாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் ராத்திரி வீட்டில்தான் இருப்பேன் என்றேன். சரிங்க என்றாள். பிறகு மடித்த போர்வையை உதறி மறுபடி மடித்தாள்.

ஜூன் 9, ஞாயிறு

திருப்பூர் போய்ப் பூங்கொடியைப் பார்த்தோம். கண் மஞ்சளாக இருக்கிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. அரிப்பு தாங்காமல் முழங்கையைச் சொறிந்து புண்ணாக்கியிருக்கிறாள். நாங்கள் போன நேரம் பகல் பதினொரு மணி. தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள், பகலில்தான் கண் சொக்குகிறது என்றார் மாப்பிள்ளை. கல்லீரல் கெட்டுப்போகிறவர்களுக்கு இரவும் பகலும் இப்படி மாறிப்போகுமாம், டாக்டர் சொன்னாராம்.

ஒரு மணிக்கு எழுந்தாள். கோகிலா அவள் தலையைச் சீவிப் பின்னிவிட்டாள். பூங்கொடி என்னை அருகில் உட்காரச் சொல்லிவிட்டு, இந்த ஏற்பாடு வேண்டாம் என்றாள்.

‘உனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நான் அண்ணி மூஞ்சில எப்படிண்ணா முழிப்பேன்?’

 கோகிலாதான் பின்னலை முடித்து ரப்பர் பேண்டு போட்டபடி, ‘இப்ப முழிக்கற மாதிரியே முழி’ என்றாள். பூங்கொடி சிரித்தாள். சிரித்தாலே மூச்சு வாங்குகிறது.

மதியம் 1.40க்கு அங்கேயே சாதம், ரசம், பீன்ஸ் பொரியல். மாலை டீ குடிக்கவில்லை.

ஜூன் 12, புதன்

படுத்தது 10.00. தூங்கியது எப்போது என்று தெரியவில்லை, 3.40க்குப் பிறகு. மின்விசிறி சத்தம். தெருவில் ஒரு நாய். இந்த அறையில் ராத்திரி இப்படி இருக்கும் என்பது மறந்துபோயிருக்கிறது. கோகிலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள். அவளும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 13

படுத்தது 10.00. எழுந்து கூடத்தில் போய் உட்கார்ந்தது 12.15. தூக்கம் 4.00 முதல் 6.00.

ஜூன் 17, திங்கள்

மருத்துவமனையில் மெர்லின் நோட்டைப் பார்த்தார். சாப்பாடு சரியாகிவிட்டது, தூக்கம்தான் மோசம் என்றார். பரோட்டாவை விட்டுவிட்டேனே, எப்போது சாப்பிட்டால் என்ன, எப்போது தூங்கினால் என்ன என்று கேட்டுவிட்டேன். கோபமாகவே கேட்டேன். அவர் கோபப்படாமல் ஒரு தாளை எடுத்து இரண்டு வட்டம் போட்டார்.

மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். அது கண்ணில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். கல்லீரலுக்குள் தனியாக ஒன்று இருக்கிறது. அதற்கு வெளிச்சம் தெரியாது. நாம் எப்போது சாப்பிடுகிறோம் என்பதைத்தான் அது பெரிதாகக் கவனிக்கும். பகலில் வருகிற சாப்பாட்டை வாங்கிப் பிரித்துச் சேர்த்து வைப்பதற்கும், ராத்திரியில் சேர்த்து வைத்ததை எடுத்து உடம்புக்குக் கொடுப்பதற்கும் அந்தக் கடிகாரம்தான் முறை வைக்கிறது. ராத்திரி ஒன்றேகாலுக்கு நான் பரோட்டா அனுப்பினால் மூளை இது ராத்திரி என்கிறது, பரோட்டா இது பகல் என்கிறது. இப்படி வருடக்கணக்கில் இழுபட்டால் முறை கெட்டு, வருவதெல்லாம் கொழுப்பாகச் சேர ஆரம்பிக்கும்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. இரண்டு பக்கத்து சப்ளையை முறை பார்க்காமல் ஒன்றாக இணைக்கக் கூடாது, வெடித்துவிடும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். அதைச் சொன்னேன். ‘அதேதான் சார், ஆனா இங்க வெடிக்காது. சத்தமே இல்லாம கெட்டுப்போகும்’ என்றார். பரோட்டாவும் காரணம்தான், நேரம் மட்டும் இல்லை என்று சேர்த்துச் சொன்னார்.

முறை: காலை 7.30. மதியம் 12.30. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். அதற்கு மேல் தண்ணீர் மட்டும். விடிந்ததும் வெயிலில் முக்கால் மணி நேரம் நடை. பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும்.

ஏன் ராத்திரி டூட்டியைக் கேட்டு வாங்கினீர்கள் என்றும் கேட்டார். அமைதியாக இருக்கும் என்றேன்.

ஜூன் 19, புதன்

ஏழு மணிக்குள் சாப்பாடு என்பதில் ஒரு சிக்கல். கோகிலா கரூரில் பெட்ஷீட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். வீடு வந்து சேர ஆறே முக்கால் ஆகும். நானே ஏதாவது செய்துகொள்கிறேன் என்றேன். 

ஜூன் 21, வெள்ளி

கோகிலா கம்பெனியில் பேசிவிட்டாளாம். காலையில் ஒரு மணி நேரம் முன்னால் போய் மாலையில் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடுவாள். என்னிடம் கேட்கவே இல்லை.

மாலை 6.40க்கு ராகி ரொட்டி இரண்டு, கொள்ளுப் பருப்பு, வெள்ளரிக்காய். அவளும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள். உனக்கு எதற்கு இவ்வளவு சீக்கிரம், பசிக்கும்போது சாப்பிடு என்றேன். தனியாகச் சாப்பிட்டுச் சலித்துவிட்டது என்றாள்.

ஜூன் 25

எடை 1.8 கிலோ குறைந்திருக்கிறது. 81.4.

ஜூலை 2, செவ்வாய்

காலை நடை 5.50 முதல் 6.40. வாய்க்கால் கரையோரமாகப் போய்த் திரும்பினேன். கிழக்கே போகும்போது வெயில் முகத்தில் அடிக்கிறது. ஒன்பது வருடமாக இந்த வெயிலைப் பைக்கில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன், படுக்கப் போகிற அவசரத்தில்.

சாயங்காலச் சாப்பாட்டின்போது பேச்சு வரமாட்டேன் என்கிறது. உப்பு போதுமா என்கிறாள். போதும் என்கிறேன். இன்று, கம்பெனி அனுப்பிய கருப்புப் பூனைப் படம் போட்ட பெட்ஷீட்டை வெளிநாட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பியதைச் சொன்னாள். பூனைக்கு மூன்று காது அச்சாகிவிட்டதாம். இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

ஜூலை 5, வெள்ளி

நிஜாமுதீனுக்கு அவசர வேலை. அதனால் ராத்திரி டூட்டிக்கு நான் போக வேண்டியதாயிற்று. 2.00க்கு டீ, பிஸ்கட் ஒரு பாக்கெட். தூக்கம் இல்லை.

ஜூலை 6

காலை 7.00 இட்லி மூன்று. நடக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

இடையில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். பதினேழு சதவீதம். ஐந்து வாரத்தில் ஏழு குறைந்தது நல்ல விஷயம் என்றார் டாக்டர். ஆனால் பூங்கொடியின் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தபோது அவர் முகத்தில் அந்த நல்ல விஷயம் இல்லை. ஆகஸ்ட் 12 ஸ்கேனை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட முடியாது என்றார்.

மெர்லின் ஜூலை 5 பக்கத்தில் விரலை வைத்து, இது என்ன என்றார். அவசரம் என்றேன். கோகிலா பக்கத்தில் இருந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத வேண்டும். மெர்லின் கேட்ட நான்கில் இது சேராது. இந்தப் பக்கத்தை மட்டும் அவருக்குக் காட்டப் போவதில்லை.

நடந்துவிட்டு வந்து காலை 7.30க்கு இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். கோகிலா கரண்டியை வைத்துவிட்டு, நேற்றுச் சந்தையில் நிஜாமுதீனின் வீட்டுக்காரியைப் பார்த்தேன் என்றாள். அஞ்சாம் தேதி அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லையாம். நான்தான் போன் செய்து அந்த டூட்டியைக் கேட்டு வாங்கினேனாம்.

அது உண்மை.

‘ஒவ்வொரு வருசமும் ஜூலை அஞ்சாம் தேதி நீங்க ஊட்ல இருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியுமுங்க. நான் கேட்டதில்ல.’

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஜூலை 5 ராத்திரி எனக்கு முறைப்படி டூட்டி. கோகிலாவுக்கு ஏழாவது மாதம். பதினொன்றரைக்குக் காற்றும் மழையும். ஒரு லைன் போய்விட்டது. நான் வெளியே டிரான்ஸ்ஃபார்மர்கள் நிற்கிற யார்டில் இருந்தேன். என் போன் கட்டுப்பாட்டு அறை மேசையில் சார்ஜில் இருந்தது. அவள் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் உள்ளே வந்து பார்த்தபோது ஒன்றேகால். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் கூட்டிப் போயிருந்தார். மாற்று ஆள் வந்து நான் ஆஸ்பத்திரி சேரும்போது விடிந்துவிட்டது. பெண் குழந்தை. அழவே இல்லையாம். பூங்கொடி திருப்பூரிலிருந்து வந்து மூன்று நாள் கோகிலாவோடு இருந்தாள்.

இதை நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை என்பதையே குற்றமாக எடுத்துக்கொண்டேன். பிறகு ராத்திரி டூட்டியாகப் பார்க்க ஆரம்பித்தேன். போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். யார்டுக்குப் போனால் சட்டைப்பையில் இருக்கும். எதற்கு என்று என்னை நானே கேட்டதில்லை. இன்று அவளிடம் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் போன் மறுபடி வந்தால் எடுத்துவிட வேண்டும் என்று ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அதைச் சொன்னேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

‘நீங்க அங்க போன் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. நான் இங்க இருந்தேனுங்க’ என்றாள்.

அழுகை அவளுக்கு வரவில்லை. எனக்குத்தான் வந்தது. அவள் எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். லைன் போனால் மழையில் இறங்கித்தான் ஆக வேண்டும், அது உங்கள் தப்பில்லை, அன்றைக்கே உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனதால் என் மேல் கோபம் என்று நினைத்துவிட்டேன் என்றாள். கனமான வாளியைத் தூக்கியதற்காக நான் அவள் மேல் கோபமாக இருக்கிறேன் என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த வாளி என்றே எனக்குத் தெரியாது.

இட்லி ஆறிப்போய் 8.40க்குச் சாப்பிட்டேன். மூன்று.

ஜூலை 15, திங்கள்

படுத்தது 10.00. எழுந்தது 5.30. இடையில் விழிக்கவில்லை.

ஜூலை 19

எடை 77.6. பேண்ட்டுக்கு பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

6.30க்குப் பசிக்கிறது. 6.00க்குப் பசிப்பதில்லை, 7.00க்குப் பசி போய்விடுகிறது. சரியாக ஆறரை. காலையிலும் அப்படித்தான். மெர்லினிடம் போனில் சொன்னேன். உள்ளே முறை திரும்பி வருகிறது என்பதற்கு நல்ல அடையாளம் என்றார்.

சாயங்காலம் பேச்சு நிறைய இருக்கிறது. இன்று சாப்பிட்டு முடிக்க எட்டு மணியாகிவிட்டது என்று எழுத இருந்தேன். சாப்பாடு 6.55க்கே முடிந்துவிட்டது, எழுந்திருக்கத்தான் எட்டு மணியானது.

ஜூலை 28, ஞாயிறு

பூங்கொடியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். வயிற்றில் தங்கிய நீரை ஊசி போட்டு எடுக்கிறார்கள். நேற்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் மாப்பிள்ளையிடம், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, பிள்ளையைக் கிளப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். பிள்ளை யாழினி பாட்டி வீட்டில் இருக்கிறாள். இன்று நாங்கள் போனபோது ஆழ்ந்த தூக்கம். எழுப்பியும் கண் திறக்கவில்லை. கழிவு சுத்தமாகாமல் மூளைக்குப் போகிறது என்கிறார்கள்.

மாப்பிள்ளை என்னைத் தனியாக அழைத்துப் போனார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். என் தோளில் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறதா என்று கோகிலா பஸ்ஸில் கேட்டாள். இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 3

மதியம் 12.30. மாலை 6.30. தூக்கம் 10.00 முதல் 2.10. பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சும்மாதான். கோகிலாவும் வந்து உட்கார்ந்தாள். விளக்குப் போடவில்லை, வெளிச்சம் கூடாதல்லவா. அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பயமில்லை என்று இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள் என்றாள். 3.00 முதல் 5.40 தூக்கம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எட்டு.

எட்டு சதவீதம். டாக்டர் இரண்டு தடவை சொன்னார். மெர்லின் தன் மேசையிலிருந்து எழுந்து வந்து கை கொடுத்தார். எடை 73.9. எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, சாப்பிட வேண்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே பசித்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அனுமதிக் குழுவின் முன் உட்கார்ந்தோம். உறுப்பு கொடுப்பவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லையா என்று விசாரிப்பது சட்டம். என்னிடம் கேட்டதெல்லாம் எதிர்பார்த்ததுதான். பிறகு ஒரு அம்மா கோகிலாவிடம் திரும்பி, உங்களுக்கு முழுச் சம்மதமா, இதில் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று விளக்கினார்களா என்று கேட்டார்.

 நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பது போலாகிவிடும்.

‘பயமா இருக்குதுங்க. பயமில்லீன்னு கையெழுத்துப் போட்டா பொய்யாயிரும்’ என்றாள். ‘எனக்கு இவரு மட்டுந்தான் இருக்கறாரு. இத்தன நாள் கழிச்சு இப்பத்தான் ஊட்ல இருக்கறாரு. இருந்தும் சம்மதமுங்க. எனக்கு ஒரு கஷ்டம் வந்தப்ப அந்தப் புள்ள மூணு நாள் எங்கூடப் படுத்திருந்தா. என்ற துணியெல்லாம் அலசிப் போட்டா. நான் அவகிட்ட நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல.’

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டுத் திறந்து எழுதினார்.

ஆகஸ்ட் 28, புதன்

நாளை. மாலை 6.00க்குக் கஞ்சி. அதன் பிறகு எதுவும் இல்லை. கோகிலா இந்த நோட்டைப் பையில் வைக்கச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இதை எழுதுவது கோகிலா. இத்தனை வாரம் விடாமல் எழுதியிருக்கிறீர்கள், இன்றைக்கு விடுபட வேண்டாம் என்றுதான்.

காலை 6.40க்கு உங்களை உள்ளே கூட்டிப் போனார்கள். கையை ஆட்டினீர்கள். மூக்குக் கண்ணாடி இல்லாததால் நான் என்று நினைத்து ஒரு நர்ஸைப் பார்த்து ஆட்டினீர்கள். அந்தப் பெண்ணும் பதிலுக்கு ஆட்டினாள்.

7.30க்குப் பூங்கொடியைக் கொண்டுபோனார்கள். என் கையைப் பிடித்தாள். இன்றைக்குத் தெளிவாக இருந்தாள்.

நான் ஒன்றும் சாப்பிடவில்லை. 10.15க்கு மெர்லின் மேடம் வந்து திட்டி, இட்லி வாங்கிக் கொடுத்து, சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். இரண்டு சாப்பிட்டேன். எழுதியிருக்கிறேன்.

உட்கார்ந்திருக்கிற நேரத்தில் இந்த நோட்டைப் படித்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் படித்தது தப்புதான். அஞ்சாம் தேதிப் பக்கத்தில் பொய் எழுதியிருக்கிறீர்கள், அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாத ஒன்று உண்டு. ஜூன் மாதம் நீங்கள் கூடத்தில் போய் உட்கார்ந்த ராத்திரியெல்லாம் நானும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

பாப்பாவுக்கு ஒரு பேர் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் வெளியே வந்ததும் சொல்கிறேன். வர வேண்டும்.

3.05க்குச் சொன்னார்கள், உங்களுக்கு முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறீர்கள் என்று. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பூங்கொடிக்கு ராத்திரி 8.50 ஆனது. உள்ளே வைத்ததும் நிறம் மாறிச் சிவப்பாகிவிட்டதாம், வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். ஈஸ்வரமூர்த்தி அழுதார். நான் 9.10க்குத் தயிர்சாதம் சாப்பிட்டேன். ஏழு மணி தாண்டிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கையெழுத்து கோணலாக இருக்கும். வலி. வயிற்றில் குழாய். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வராந்தாவில் இருபது அடி நடந்தேன். மூன்று வாய் கஞ்சி, 7.40.

கோகிலா பேரைச் சொன்னாள். நல்ல பேர். இங்கே எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

பூங்கொடி தேறி வருகிறாள், பரிசோதனைகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் சாப்பிடமாட்டேன் என்கிறாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் எந்நேரமும் விளக்கு எரிகிறது. ராத்திரி விழித்திருக்கிறாள், பகலில் அசந்துவிடுகிறாள். இது ராத்திரியா பகலா என்று மாப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

மெர்லின் வந்தபோது ஒன்று கேட்டேன். என்னுள் இருந்தபோது அந்தக் கல்லீரல் துண்டு இரண்டரை மாதமாக ஏழரைக்குச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறது. போன இடத்திலும் அதற்கு அந்த நேரம் நினைவிருக்குமா என்று. அவர் யோசித்தார்.

‘தெரியாது சார். யாராவது அளந்து பார்த்திருந்தா எனக்குத் தெரியல. ஆனா காலையில வெளிச்சமும் சாப்பாடும் ஒண்ணா கிடைச்சா அவங்களுக்கு நல்லது. அது மட்டும் தெரியும்.’

நாளை காலை நான் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். டாக்டரிடம் பேசுகிறேன் என்றார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சக்கர நாற்காலியில் கோகிலா தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் எனக்கு முகக்கவசமும் மேலங்கியும் மாட்டி, கை கழுவச் சொல்லி உள்ளே விட்டார்கள். கோகிலாவைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மணி 7.20.

பூங்கொடி கண்ணை மூடியிருந்தாள். கண் ஓரத்து மஞ்சள் பாதி போயிருக்கிறது. நர்ஸிடம் கேட்டேன், அவர் ஜன்னல் திரையை மேலே ஏற்றினார். கிழக்குப் பக்க ஜன்னல். வெயில் போர்வைமேல் விழுந்து அவள் கழுத்துவரை வந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள்.

கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். கவசத்துக்கு மேல் கண் மட்டும்தானே தெரியும், இருந்தும் அடையாளம் கண்டுகொண்டாள்.

‘வலிக்குதாண்ணா?’

‘இருமுனா வலிக்குது. இருமாம இருக்கேன்.’

‘மணி என்ன?’

‘காலைல ஏழரை. விடிஞ்சிருச்சு கண்ணு.’

அவள் மெதுவாக ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். தட்டில் இட்லி ஒன்றை நர்ஸ் சாம்பார் விட்டுப் பிசைந்து வைத்திருந்தார். எனக்குக் கையை அவ்வளவு தூரம் நீட்டினால் தையல் இழுக்கிறது. நாற்காலியை இன்னும் நெருக்கிப் போடச் சொல்லி ஸ்பூனை வாயருகே கொண்டுபோனேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் என் இன்னொரு கை தையலைப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

இரண்டாவது ஸ்பூனை நான் ஊட்டினேன். மூன்றாவதற்கு அவளே வாயைத் திறந்து காத்திருந்தாள். அந்த இட்லி முடிந்ததும், இன்னும் இருக்கிறதா என்று நர்ஸைக் கேட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே கோகிலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பூங்கொடி: இட்லி ஒன்றரை. 7.35 முதல் 7.55 வரை. அதன் பிறகு தூங்கவில்லை. வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.